தலை வாரும்போது சொன்னது

அத்தியாயம் 17

ஈஸ்வரி போனை வைத்த பிறகு கன்னியம்மா என்ன செய்திருப்பாள் என்று போன வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். அவள் ஒன்றும் செய்யவில்லை. சோற்றை வடித்தாள், துணியை ஊற வைத்தாள், படுத்துவிட்டாள். பொன்னேரியில் இருக்கும் நாத்தனார் முடியாது என்று சொல்லிவிட்டால், கும்மிடிப்பூண்டியில் இருப்பவள் போனைச் சுவரில் அடித்தால் என்ன ஆகப்போகிறது.

கன்னியம்மா அவளிடம் கேட்டதும் பெரிய விஷயமில்லை. மகள் லோகுவுக்குப் பதின்மூன்று முடியப்போகிறது. இரண்டரை வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவளுடைய இரண்டு காதையும் வாங்கிக்கொண்டு போனது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு படிப்பு முடிகிறது. ஒன்பதாவதுக்குப் பொன்னேரியில் பெண்கள் பள்ளியில் சேர்த்து, அத்தை வீட்டில் தங்க வைக்கலாம் என்று கன்னியம்மா ஒரு வருஷமாக மனக்கோட்டை கட்டியிருந்தாள். "காது கேக்காத வயசுப் பொண்ண ஊட்ல வச்சிக்கினு நான் கழனிக்குப் போவ முடியுமா அண்ணி?" என்று ஈஸ்வரி கேட்டுவிட்டாள். கோட்டை அதோடு சரி.

கன்னியம்மாவுக்கு அழுகை வந்தது மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில்தான். ரோலிங் மில்லில் நைட் ஷிப்ட் முடித்துப் புருஷன் ரகு இன்னும் வந்து சேரவில்லை. லோகு யூனிபார்ம் மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மடியில் பள்ளிக்கூடத்து டேப்லெட், அவர்கள் வாயில் வெறும் டேப்.

அந்த டேப்பின் கதை உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனி, பள்ளிக்கூடத்துக்குப் பத்து டேப் கொடுத்தது. ஒன்பதைப் பிள்ளைகள் நான்கு நான்கு பேராகச் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறார்கள். பத்தாவதை ஷைனி டீச்சர் லோகுவுக்கென்றே ஒதுக்கிவிட்டார். செவ்வாய்க்கிழமை ரகு போய்க் கையெழுத்துப் போட்டு அதை வீட்டுக்கும் வாங்கி வந்தான்.

"இன்னாய்யா இது?" என்று கன்னியம்மா கேட்டாள்.

"பொஸ்தவம் மாதிரிதான். பாடம் கீது அதுல" என்றான் ரகு.

டீச்சர் அவனுக்கு அரை மணி நேரம் விளக்கியிருந்தார். ராத்திரி முழுக்க இரும்பு தூக்கிவிட்டு நேரே பள்ளிக்கூடம் போனவன், அதில் இரண்டு வார்த்தையைத்தான் வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தான்.

மற்றவர்களுக்கு மனக்குறையைக் கொட்டக் கோயில் இருக்கிறது, சர்ச் இருக்கிறது. கன்னியம்மாவுக்கு லோகுவின் பின்மண்டை இருந்தது. பதினொரு வருஷமாகத் தினமும் காலையில் அந்தத் தலையை வாரிக்கொண்டேதான் அவள் எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பாள். தான் சமைக்கிற கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர் திட்டியது, ரகு சம்பளத்தன்று லேட்டாக வந்தது, பக்கத்து வீட்டுக்காரி ஜாடை பேசியது, எல்லாம் அந்தத் தலைக்குத்தான். கேட்காத காது என்பதால் யாரிடமும் போய்ச் சொல்லாது, பதிலுக்கு ஒரு பேச்சும் பேசாது. அவளுக்கு அது பெரிய ஆறுதல்.

அன்றைக்கும் எண்ணெயைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"உங்க அத்தகாரி உன்ன வச்சிக்க மாட்டாளாம். கழனி வேல கெட்டுப்பூடுமாம். உங்கப்பன் வாயத் தொறந்தானா? தங்கச்சின்னா அவனுக்கு வாயி ஒட்டிக்கும். நான் எங்க போவேன் உன்ன இஸ்துக்கினு? எவனாவது கதவத் தட்டுனாக்கூட உனுக்குத் தெரியாது. உன்ன தனியா உட்டுட்டு நான் எப்டி வேலைக்குப் போறது?"

சிக்கை எடுத்தாள். குரல் உடைந்தது.

"அந்த ஜொரத்துலயே நீ போய்ச் சேந்திருந்தா, ஒரு வருசம் அழுதுட்டு எழுந்திருப்பேன் லோகு. இப்ப தெனம் அழுவுறேன். நிம்மதியா சாவக்கூட முடியாது என்னால."

லோகுவின் தோள் ஒருமுறை குலுங்கியது. சீப்பு இழுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, கன்னியம்மா அவள் உச்சந்தலையில் லேசாகத் தட்டி நேராக உட்கார வைத்தாள். இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டினாள். கடைசியில், எப்போதும் செய்கிறபடி, இரண்டு கையாலும் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். லோகு திரும்பிப் பார்க்காமல் எழுந்து பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்திருந்தது. கேன்டீனில் சூப்பர்வைசர் துளசிராமனிடம் கெஞ்சி இரண்டு மணி நேரம் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு, லாரிகள் கிளப்பும் புழுதியில் முந்தானையை மூக்கில் பொத்தியபடி கன்னியம்மா போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. எட்டாம் வகுப்பின் பின் சுவரையொட்டிப் பெஞ்ச் போட்டு, பத்துப் பன்னிரண்டு அம்மாக்களும் ஆட்டோ ஓட்டும் யேசுதாசும் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களில் அவர் ஒருவர்தான் வந்திருந்தார்.

பிள்ளைகள் ஏரிக்கரையிலிருந்து ஒரு புங்க இலையும், சிப்காட் ரோட்டோரத்திலிருந்து ஒரு புங்க இலையும் பறித்து வந்திருந்தார்கள். டேப்பில் அதைப் படம் பிடித்து, விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கினார்கள். ரோட்டோர இலை முழுக்கக் கரும்புள்ளியாக இருந்தது. தங்கள் துணியிலும் தினம் படிகிற தூசிதான் என்று அம்மாக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. பேச விரும்புகிற பிள்ளை டஸ்டரைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். டஸ்டர் இல்லாதவர்கள் வாய் திறக்கக் கூடாது. முப்பத்தேழு பிள்ளைகள் இருக்கிற அறை இவ்வளவு அமைதியாக இருப்பதைக் கன்னியம்மா பார்த்ததேயில்லை. எதற்காக இப்படி என்று அவளுக்குப் புரியவில்லை.

ஸ்டீபன் என்ற பையன் டஸ்டரைப் பிடித்துக்கொண்டு, "ரோட்டோர இலையில தூசி அடைச்சிருக்கு. அதனால இலைக்கு மூச்சு முட்டும்" என்றான்.

டஸ்டர் லோகுவிடம் போனது. அவள் டேப்பில் ஏதோ தட்டினாள். டேப்புக்குள்ளிருந்து, டிவியில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி ஒரு பெண் குரல் வந்தது.

"ஸ்டீபன் சொன்னது சரி. ஆனால் மழை பெய்தால் இலை திரும்ப மூச்சு விடும்."

வகுப்பு கைதட்டியது. கன்னியம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் மகள் பேசிவிட்டாள். அதுவும் இன்னொரு பிள்ளை சொன்னதைக் கேட்டு, அதற்குப் பதில் பேசிவிட்டாள். பக்கத்தில் இருந்தவள், "உம் பொண்ணாமே?" என்றபோது கன்னியம்மா தலையை ஆட்டினாள்.

"இந்தப் பொண்ணுக்கு எப்டி டீச்சர் ஸ்டீபன் சொன்னது தெரிஞ்சிச்சி?" என்று யேசுதாஸ் கேட்டார்.

ஷைனி டீச்சர் லோகுவின் டேப்பை எடுத்துவந்து பெற்றோர் முன்னால் நீட்டினார். "நாம பேசுறதை இது அப்படியே எழுதிடும் அண்ணா. லோகு அதைப் படிச்சிக்குவா. ஒரே நேரத்துல ரெண்டு பேர் பேசினாதான் இது குழம்பிடும். அதுக்குத்தான் டஸ்டர். நீங்களே பேசிப் பாருங்க."

யேசுதாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மிஷினு, என் பேரு இன்னா சொல்லு பாப்போம்" என்றார். அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் திரையில் வரிசை கட்டி நின்றது. பெஞ்ச் முழுக்கச் சிரிப்பு.

கன்னியம்மா சிரிக்கவில்லை.

"இது ஊட்லயும் எழுதுமா டீச்சர்?"

"ஆன் பண்ணியிருந்தா எங்கே வேணும்னாலும் எழுதும் லோகு அம்மா."

காலையில் அந்த டேப் லோகுவின் மடியில் இருந்தது. திரையில் வெளிச்சம் இருந்தது. அந்தப் பிள்ளையின் தோள் குலுங்கியது, தான் தலையில் தட்டியது, எல்லாம் ஒவ்வொன்றாக அவள் கண்ணுக்கு வந்தது. லோகுவைத் தேடினாள். மகள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு ஷைனி டீச்சர் அவளை வராந்தாவுக்கு அழைத்தார். கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். லோகுவின் கையெழுத்து.

'இது எனக்கு வேண்டாம் டீச்சர். நான் முன்னே மாதிரி போர்டைப் பார்த்து எழுதிக்கிறேன்.'

"காலையில வந்ததும் இதைக் கொடுத்தா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் செய்யும்மான்னு கெஞ்சித்தான் உட்கார வச்சேன்" என்றார் டீச்சர். "பேசுறது எல்லாம் இதுக்குள்ள சேர்ந்து நிக்கும். என்ன நடந்ததுன்னு திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பார்த்துட்டேன்."

கன்னியம்மா ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். டீச்சர் காட்டிய இடத்தில் விரலை வைத்து மெல்லப் படித்தாள். அங்கங்கே தப்புத் தப்பாக எழுதியிருந்தது. அந்த ஒரு வரியில் மட்டும் ஒரு தப்பும் இல்லை. அழும்போது வாய்விட்டுச் சொன்ன பேச்சு, அழுகையைக் கழித்துவிட்டு எழுத்தாக நிற்கும்போது எவ்வளவு கொடுமையாக இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. டீச்சர் நான்கு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"ஏழு வருஷமா அந்தப் பொண்ணு இங்க போர்டை மட்டும் காப்பி பண்ணிட்டு இருந்தா. இந்த ரெண்டு மாசமாதான் படிக்கிறா" என்றார் டீச்சர். "டேப் உங்க கிட்டயே இருக்கட்டும். திங்கக்கிழமை திருப்பிக் கொண்டு வந்தீங்கன்னா நான் வாங்கித்தான் ஆகணும். தயவுசெஞ்சு கொண்டு வராதீங்க."

அன்று மத்தியானம் கேன்டீனில் சாம்பாருக்கு உப்பில்லை என்று நானூறு பேர் முகம் சுளித்தார்கள். துளசிராமன் கத்தினார். கன்னியம்மாவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது ரகு தூங்கி எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். லோகு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். இவள் வந்ததற்குத் தலை நிமிரவில்லை. கன்னியம்மா நடந்ததை ஒளிக்காமல் புருஷனிடம் சொன்னாள். டம்ளர் அவன் கையிலேயே ஆறிப்போனது.

"நீ இப்டியா சொன்ன?"

"சொன்னேன்."

"பெத்த பொண்ணுகிட்டயா?"

"கேக்காதுன்னுதான்யா சொன்னேன்."

ரகு டம்ளரைக் கீழே வைத்தான். கோபத்தில் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் நல்லவன், அதுதான் அன்றைக்குக் கஷ்டமாகப் போனது.

"மிஷினு தப்பா எழுதிட்ச்சின்னு சொல்லிடலாம்" என்றான்.

"இன்னாது?"

"நீதான சொன்ன கன்னி. அது பாதி தப்பாத்தானே எழுதுது. இதையும் தப்பாத்தான் எழுதிச்சின்னு சொன்னா கொழந்த நம்பிடும். மனசு ஆறிடும். நீ கம்முனு இரு, நான் பாத்துக்குறேன்."

அவன் டேப்பை எடுத்துக்கொண்டு லோகுவின் முன்னால் போய்ச் சம்மணமிட்டான். அவளையே ஆன் பண்ணச் சொல்லி, மில்லில் கிரேன்காரனைக் கூப்பிடுகிற வேகத்தில் மூச்சு விடாமல் எதையோ கத்தினான். திரையில் தலையும் காலும் இல்லாத ஒரு வரி வந்தது. ரகு அதைக் காட்டி, நெற்றிப்பொட்டில் விரலைச் சுற்றி, இது பைத்தியம் என்று ஜாடை காட்டினான். பிறகு காலையில் பதிந்த வரியைத் தேடிப் பிடித்து அதையும் காட்டி, இதுவும் பைத்தியம்தான் என்று கையை ஆட்டினான். தன் மூக்குத்தி இல்லாத மூக்கைத் தொட்டான். அந்த வீட்டில் அதற்கு அம்மா என்று அர்த்தம். அம்மா அப்படிச் சொல்லவில்லை என்று தலையசைத்தான்.

லோகு திரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள், அன்றைக்கு முதல்முறையாக.

கன்னியம்மா இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. பொய்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். லோகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தத்தோடு சிரித்தாள். ஓடி வந்து அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கன்னியம்மா அந்தத் தலையைத் தடவினாள். ரகு ஜெயித்துவிட்ட முகத்தோடு ஆறின டீயை ஒரே மூச்சில் குடித்தான்.

இதோடு முடிந்திருந்தால் இந்த வீட்டுக்கு நல்ல நாளாகத்தான் இருந்திருக்கும்.

லோகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஏதோ தோன்றியவளாக நோட்டை எடுத்து, ஒரு மூலையில் எழுதி அப்பாவிடம் நீட்டினாள்.

'அப்போ கிளாஸ்ல எழுதுறதும் தப்பா இருக்குமா?'

ரகு யோசிக்கவே இல்லை. பலமாகத் தலையை ஆட்டினான். எல்லாமே தப்புத்தான் என்றான் கையால்.

அவள் அப்படியே நின்றாள். பிறகு பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்தாள். தடியான நோட்டு. டேப்பில் வந்ததைப் பார்த்துப் பார்த்து இரண்டு மாதமாக அவள் எழுதி வைத்த பாடமெல்லாம் அதில் இருந்தது. டீச்சர் சொன்னது, பிள்ளைகள் சொன்னது, யார் யார் என்ன கேட்டார்கள் என்பதுகூட. முதல் பக்கத்தைத் திறந்து, சிவப்புப் பேனாவால் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதிலும் ஒரு கோடு. முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தப்பான கணக்கை அடிக்கிற மாதிரி நிதானமாக அடித்துக்கொண்டே போனாள்.

மூன்றாவது பக்கம். நான்காவது பக்கம்.

கன்னியம்மாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. காது கேட்காத பிள்ளைக்குக் கடைசியாகக் கிடைத்த ஒன்றை, தன் மானத்தைக் காப்பாற்றுவதற்காகத் தானே பிடுங்குகிறோம் என்பது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. எட்டிப் போய் லோகுவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பேனாவை வாங்கி வைத்தாள். டேப்பை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்து, ஆன் பண்ணு என்று கை காட்டினாள். லோகு புரியாமல் திரையைத் தொட்டாள்.

கன்னியம்மா குனிந்து, வகுப்பில் பிள்ளைகள் பேசினார்களே, அப்படி ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினாள்.

"அது தப்பா எழுதல லோகு."

"கன்னி, வாய மூடு" என்றான் ரகு. அதையும் டேப் எழுதியது. லோகு அதையும் படித்தாள்.

"காலைல நான் அப்படித்தான் சொன்னேன். நான் சொன்னதத்தான் அது எழுதிச்சி. அது பொய் சொல்லாது. நீ நோட்ட அடிக்காத."

எழுத்துக்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. லோகு கடைசி எழுத்து வரைக்கும் படித்தாள். கன்னியம்மாவுக்கு இன்னும் சொல்ல வேண்டியிருந்தது. கோபத்தில் சொன்னேன், உன்மேல் இருக்கிற ஆசையில்தான் சொன்னேன், செத்துப்போவது மேல் என்று நான் என்னைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றெல்லாம் நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்தது. இப்போது சொல்கிற ஒவ்வொன்றும் எழுத்தாக நிற்கும் என்ற பயத்தில் வாய் எழும்பவில்லை.

ரகு எழுந்து வாசற்படிக்குப் போய், முதுகைக் காட்டி நின்றான்.

லோகு டேப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தட்டினாள், அழித்தாள். மறுபடி தட்டினாள். அந்தச் செய்தி வாசிக்கிறவள் குரல், எந்த வருத்தமும் இல்லாமல், வீடு முழுக்கக் கேட்கும்படி வாசித்தது.

"தலை வாரும்போது நீ என்னைக் கொஞ்சுகிறாய் என்று நினைத்திருந்தேன் அம்மா. என்ன சொல்லிக் கொஞ்சுகிறாய் என்று பார்க்கத்தான் இன்றைக்கு ஆன் செய்து வைத்தேன்."

கன்னியம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். வாசற்படியில் ரகுவின் முதுகு ஆடியது. லோகு இரண்டு பேரையும் பார்க்கவில்லை. குனிந்து இன்னொரு வரி தட்டினாள்.

"இத்தனை வருஷத்தில் வேறு என்னவெல்லாம் சொல்லியிருக்கிறாய்?"

கேட்டுவிட்டு, பேச்சை எழுத ஆரம்பிக்கிற பச்சைப் புள்ளியைத் திரையில் தொட்டு, டேப்பை அம்மாவின் பக்கம் திருப்பி வைத்தாள். பதிலுக்காகச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

கன்னியம்மா மறந்திருந்த பேச்சு நூறு இருக்கும். மறக்காத பேச்சு ஒன்று இருந்தது. காய்ச்சல் அடித்த அந்த ராத்திரி, பிள்ளைக்கு வலிப்பு வரும் வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எங்கே இருந்தோம், எதற்காக இருந்தோம் என்பதை அவள் இந்தத் தலையைத் தவிர வேறு ஒருவரிடமும் சொன்னதில்லை. கட்டிய புருஷனிடம்கூட.

முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யோவ், உள்ள வா" என்று ரகுவைக் கூப்பிட்டாள். "இவ பக்கத்துல வந்து ஒக்காரு. இத நீயும்தான் கேக்கணும்."